வலை தைப்பவரின் படம்: பின்னால் எவ்வளவு விடுவது?

மண்டைதீவான்

எல்லாருக்கும் வணக்கம். குருநகர்க் கரையில் எடுத்த இரண்டு படங்களை வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கருத்து வேண்டும்.

ஒரு ஐயா மணலில் இருந்து கிழிந்த வலை தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இழுத்து வைத்த வள்ளம். "ஐயா, ஒரு படம் எடுக்கட்டோ?" என்று கேட்டேன். "எடு தம்பி, எனக்கும் ஒண்டு கொண்டுவந்து தா" என்றார்.

முதலாவது படம் 85 மி.மீ. லென்ஸில், எஃப் 2இல் (லென்ஸின் துளையை அகலத் திறந்து), இடுப்புக்கு மேல். முகம், வெள்ளைத் தாடி, கையில் ஊசி. பின்னால் எல்லாம் மங்கலான நீலமும் சாம்பலும். இரண்டாவது 24 மி.மீ. முழுக்கரையும் தெரிகிறது: நாலைந்து வள்ளங்கள், றெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டிகள், ஒரு கறுத்த தண்ணீர்த் தாங்கி, தூரத்தில் போன் கோபுரம். ஐயா நடுவில் சின்னதாக இருக்கிறார்.

காட்டின ஆட்கள் எல்லாரும் முதலாவதுதான் துப்பரவான படம் என்கிறார்கள். எனக்கு அதில் ஏதோ குறைகிறது. அந்தத் தாடிக்காரர் வலைதான் தைக்கிறார் என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டாவதில் எல்லாம் இருக்கிறது, ஆனால் ஐயா இல்லாத மாதிரி இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் கையால் வேலை செய்கிறவர்களை ஒரு தொடராக எடுக்க நினைத்திருக்கிறேன், அதற்கு இதுதான் தொடக்கம். பின்னணி எவ்வளவு என்பதை நீங்கள் எதை வைத்துத் தீர்மானிக்கிறீர்கள்?

செம்மண்

தம்பி, இரண்டு படத்தையும் ஒருபக்கம் வைத்துவிட்டு அந்த ஐயாவின் காலைப் பாரும்.

வலை தைக்கிறவர்கள் வலையின் ஒரு பக்கத்தைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடிப்பார்கள். வலை விறைப்பாக நின்றால்தான் கண்ணி அளவாக விழும். பெருவிரலில் இருந்து இடது கைக்கு ஒரு கோடு போகும், அங்கேயிருந்து ஊசி பிடித்த வலது கைக்கு இன்னொரு கோடு. வேலை முழுக்க அந்த முக்கோணத்துக்குள்தான் நடக்கிறது. இடுப்போடு வெட்டினால் முக்கோணம் போய்விடும், அதனால்தான் உமக்குக் குறைகிறது. உம்முடைய முதலாவது படத்தில் இல்லாமல் போனது கரை இல்லை, கால் விரல்.

ஆகவே என்னுடைய முதல் கேள்வி எப்போதும் இதுதான்: இந்த ஆள் செய்கிற காரியம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? அது முழுக்கச் சட்டத்துக்குள் வரவேண்டும். அதற்கு வெளியே இருப்பதுதான் பின்னணி. அதில் எவ்வளவு விடுவது என்பது அடுத்த கேள்வி. பலர் முகத்தை ஆள் என்றும் மற்றதையெல்லாம் பின்னணி என்றும் பிரித்துவிட்டுத்தான் தொடங்குகிறார்கள். மடியில் கிடக்கிற வலை பின்னணி இல்லை. அது அவருடைய கை மாதிரி.

வடலி

நான் மாறாகச் சொல்லப் போகிறேன். முதலாவது படத்தை வையுங்கள்.

கடற்கரையில் வேலை செய்கிறவர்களை நாங்கள் எத்தனை விதமாகப் பார்த்திருக்கிறோம்? அஸ்தமனத்துக்கு முன்னால் கறுத்த உருவம், கையில் வலை. உல்லாசப் பயணிகளுக்கு விற்கிற அட்டைகளில் அப்படித்தான். அந்த ஆளுக்கு முகம் இருக்காது, வயது இருக்காது. அவரும் வள்ளமும் பனையும் ஒரே கணக்கு. பின்னணியைக் கூட்டக் கூட்ட, உழைக்கிற மனிதர் காட்சியின் ஒரு துண்டாகிவிடுகிறார். பணக்காரரை அப்படி எடுக்கமாட்டோம். அவரை ஸ்ரூடியோவில் இருத்தி முகத்தில் வெளிச்சம் போட்டு எடுப்போம்.

ரிச்சர்ட் அவெடன் 1979 தொடக்கம் 1984 வரை அமெரிக்காவின் மேற்கில் சுரங்கத் தொழிலாளர்கள், மாடு வெட்டுகிறவர்கள், றோட்டில் அலைகிறவர்கள் என்று எடுத்தார். வெளியில், நிழலில், பின்னால் ஒரு வெள்ளைக் கடதாசி. வேறொன்றும் இல்லை. நிலக்கரிக்காரரின் முகத்தில் இருக்கும் கரியே அவர் எங்கேயிருந்து வருகிறார் என்று சொல்லிவிடும். தொழில் உடம்பில் எழுதியிருக்கும். உப்புக்காற்று பட்ட தோல், நூல் இழுத்துத் தடித்த விரல், அதெல்லாம் 85 மி.மீ.இல்தான் தெரியும், 24இல் தெரியாது.

செம்மண்

வடலி சொல்வதில் நியாயம் இருக்கிறது. அட்டைப்பட விஷயத்தில் நான் முழுக்க உங்களோடுதான். ஆனால் பின்னணி பெரிதாக இருந்தால் ஆள் சிறுத்துப் போவார் என்பதை ஏற்கமாட்டேன்.

ஆர்னல்ட் நியூமன் 1946இல் எடுத்த ஸ்ட்ராவின்ஸ்கியின் படத்தை நினைத்துப் பாருங்கள். தூக்கி நிறுத்திய பியானோ மூடி கறுப்பாகச் சட்டத்தின் பெரும்பகுதியைப் பிடித்திருக்கிறது. இசையமைப்பாளர் இடது கீழ்மூலையில், முழங்கையை ஊன்றிக்கொண்டு, சின்னதாக. ஆனாலும் பார்க்கிறவரின் கண் நேரே அவரிடம்தான் போகிறது. மூடியும் சுவரும் வெறும் கறுப்பு, வெள்ளை வடிவங்கள். கண்ணுக்கு அங்கே வேலை இல்லை. அந்தப் படத்துக்கும் அவர் பெரிய நெகட்டிவில் இருந்து இறுக்கி வெட்டித்தான் இந்த வடிவத்துக்கு வந்தார். அதாவது, நிறைய இடம் விட்டார், ஆனால் எந்த இடம் என்று ஒவ்வொரு விளிம்பாகப் பார்த்துத்தான் விட்டார்.

தம்பியின் 24 மி.மீ. படத்தில் ஐயா காணாமல் போனதற்குக் காரணம் அளவு இல்லை. நாலு வள்ளம், வெள்ளைப் பெட்டிகள், கோபுரம் என்று எல்லாம் ஒரே கூர்மையில், ஒரே வெளிச்சத்தில் நின்று "என்னைப் பார்" என்கின்றன. கரையில் வெள்ளை றெஜிபோம் பெட்டியை விட வெளிச்சமான சாமான் வேறு இல்லை. ஐயாவின் முகமோ நிழலில். கண் பெட்டிக்குப் போகாமல் எங்கே போகும்?

நிலாவரை

லென்ஸை மாற்றுவதையும் நிற்கிற இடத்தை மாற்றுவதையும் இங்கே ஒன்றாகக் கதைக்கிறோம். இரண்டும் வேறு. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நான் இதைக் கணக்காகத்தான் சொல்லிக்கொடுப்பேன்.

முழுச்சட்டக் கமராவை (36 மி.மீ. அகல சென்சர் உள்ளது) படுக்கையாகப் பிடித்து, 35 மி.மீ. லென்ஸோடு ஐயாவில் இருந்து 3 மீட்டரில் நின்றால், அவர் இருக்கும் இடத்தில் ஏறக்குறைய 3 மீட்டர் அகலம் சட்டத்துக்குள் வரும். 85 மி.மீ.க்கு மாறி, அவர் அதே அளவில் தெரியவேண்டும் என்றால் 7 மீட்டருக்குக் கொஞ்சம் கூடப் பின்னால் போகவேண்டும். 24 மி.மீ. என்றால் 2 மீட்டருக்குக் கிட்ட வரவேண்டும். மூன்றிலும் ஐயா ஒரே அளவு.

இப்போது அவருக்கு 10 மீட்டர் பின்னால் வள்ளங்கள் நிற்கின்றன என்று வையுங்கள். அந்த வரிசையில் எவ்வளவு அகலம் படத்துக்குள் வருகிறது? 85இல் ஏறக்குறைய 7 மீட்டர். 35இல் 13. 24இல் 18. அதே மனிதர், அதே அளவு, பின்னால் இருக்கும் ஊர் மட்டும் இரண்டரை மடங்கு கூடுகிறது. அதோடு, 85இல் வள்ளங்கள் பெரிதாக, அவருக்குக் கிட்ட வந்துவிட்ட மாதிரி இருக்கும். 24இல் சின்னதாகித் தூரப் போய்விடும். கணக்கின் அடி நீங்கள் நிற்கிற தூரம்தான். லென்ஸ் அந்தத் தூரத்தில் இருந்து எவ்வளவை வெட்டி எடுப்பது என்பதை மட்டும் செய்கிறது.

அதனால் ஒரே இடத்தில் நின்று சூமைச் சுழற்றி "கொஞ்சம் கூட்டுவமா, குறைப்பமா" என்று பார்ப்பதில் பாதி வாய்ப்புத்தான் கிடைக்கும். முதலில் நடவுங்கள்.

மங்கலாக்குவதும் அப்படித்தான். 35 மி.மீ., 3 மீட்டர், துளையைச் சுருக்கி எஃப் 8 என்றால் ஐயாவும் வலையும் காலும் கூர்மையாக வரும். பின்னால் உள்ள வள்ளம் லேசாகத் தளர்ந்திருக்கும், ஆனால் வள்ளம் என்று தெரியும். முழுக்கக் கரைத்துவிடுவதற்கும் எல்லாவற்றையும் ஊசி மாதிரிக் கூர்மையாக்குவதற்கும் நடுவில் எவ்வளவோ இடம் இருக்கிறது. எஃப் 2ஐ வாங்கின காசுக்குப் பாவிக்கத்தான் வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை.

கொக்குவில் பொடியன்

போனில் எடுக்கிறவர்கள் என்ன செய்வது? போர்ட்ரெயிட் மோட் போட்டால் பின்னால் தானே மங்குது.

நிலாவரை

தம்பி, வலைக்கு மட்டும் அதைப் போடாதீர். போன் எது ஆள், எது பின்னணி என்று ஊகித்துத்தான் மங்கலாக்குகிறது. வலையின் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் பின்னணி தெரியும், ஒவ்வொரு நூலும் ஆளோடு சேர்ந்தது. அதை அது பிரிக்க மாட்டாமல் பாதி வலையைக் கரைத்துவிடும். கலியாணப் படத்தில் பூச்சரத்துக்கும் கலைந்த தலைமயிருக்கும் நடக்கிறதும் இதுதான்.

பெரும்பாலான போன்களின் முதன்மை லென்ஸ் 24 மி.மீ.க்குக் கிட்டத்தான். சாதாரண மோடில் வைத்து, 2 மடங்கைத் தொட்டு, ரெண்டு மூன்று எட்டுப் பின்னால் போய் எடுத்துப் பாரும். ஏறக்குறைய 50 மி.மீ.இன் பார்வை கிடைக்கும்.

மண்டைதீவான்

செம்மண் அண்ணை, விரலைப் பற்றிச் சொன்ன பிறகு படத்தைத் திரும்பப் பார்த்தேன். இரண்டாவதில் தெரிகிறது, வலது கால் பெருவிரலில்தான் மாட்டியிருக்கிறார்.

நிலாவரை அக்கா, 35ஓடு போய் நின்று பார்க்கிறேன். ஆனால் 13 மீட்டர் அகலத்துக்குள் தண்ணீர்த் தாங்கியும் கோபுரமும் எப்படியும் வரும். கோபுரம் நேரே தலைக்கு மேலே முளைத்த மாதிரி நிற்கும். அதுகளை விடுவதா, ஒதுக்குவதா? பிறகு எடிட்டிங்கில் அழிக்கவும் ஏலும்.

கிடுகுவேலி

அழிக்க வேண்டாம். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி.

பழைய அல்பங்களைப் பொறுமையாகப் பாருங்கள். ஸ்ரூடியோவில் எடுத்த படங்களின் பின்னால் துணியில் வரைந்த படிக்கட்டும் திரைச்சீலையும் இருக்கும். முகம் நல்ல தெளிவு. ஆனால் அது மானிப்பாயா, மதுரையா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதே குடும்பம் வீட்டு முற்றத்தில் நின்று எடுத்த படத்தில் கிடுகு வேலி, சாய்த்து வைத்த சைக்கிள், துலாவின் ஒரு முனை, கொடியில் காயும் சேலை. எடுத்தவருக்கு அதெல்லாம் இடைஞ்சலாக இருந்திருக்கும். இன்றைக்கு அதைக் கையில் எடுக்கிறவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே வேலிக்குத்தான் போகிறார்கள். அந்த வேலி எங்கள் றோட்டுகளில் இப்போது அநேகமாக மதிலாகிவிட்டது.

இன்னும் ஒன்று. 1981இல் எரிக்கப்படுவதற்கு முன் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் முன்னால் நின்று படம் எடுத்த குடும்பங்கள் எத்தனையோ இருந்திருக்கும். பிள்ளை சரியாகத் தெரியட்டும் என்று கிட்டப் போனவரின் படத்தில் ஒரு தூண்தான் இருக்கும். நாலு எட்டுத் தள்ளி நின்றவரின் படத்தில் எரிவதற்கு முந்தின அந்த முகப்பு முழுக்க இருக்கும். இன்று நிற்பது மீளக் கட்டியது. தள்ளி நின்றவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

கறுத்த தாங்கிக்கும் அதையேதான் சொல்வேன். இந்தக் காலத்துக் குருநகர்க் கரை என்றால் தாங்கியும் நீல நைலோனும் பைபர் வள்ளமும்தான். அதை அழித்துவிட்டுப் பாயும் கட்டுமரமுமாகத் தெரியவைத்தால் நாங்களே எங்கள் ஊரைப் பற்றிப் பொய் சொல்கிறோம். ஐயா இன்றைக்குத்தானே வலை தைக்கிறார், நூறு வருசத்துக்கு முதல் இல்லை.

தலையில் முளைத்த கோபுரம் வேறு விஷயம். அது பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை, வெறும் குழப்பம். பக்கவாட்டில் ஒரு எட்டு வைத்தால் தலையை விட்டு விலகிவிடும். கோபுரம் படத்தில் இருக்கட்டும், அவருடைய தலையில் இருக்க வேண்டாம்.

வடலி

கிடுகுவேலி அக்கா சொல்வது ஆவணத்துக்குச் சரி. ஐயா தன் வீட்டுச் சுவரில் மாட்டக் கேட்டாரே, அந்தப் படத்துக்கும் இதுதானா? தினமும் பார்க்கிற தண்ணீர்த் தாங்கியை அவர் எதற்குச் சட்டம் போட்டு மாட்டவேண்டும்? அவருக்கு வேண்டியது தன் முகம். கனடாவில் இருக்கும் பிள்ளை கேட்டால் வேறு கதை, அந்தப் பிள்ளை பின்னால் என்ன தெரியுது என்றுதான் பெரிதாக்கிப் பார்க்கும்.

ஒரே படம் எல்லாருக்கும் பதில் சொல்லவேண்டும் என்று நினைப்பதால்தான் இவ்வளவு குழப்பம். பார்க்கப்போகிறவர் யார் என்று முடிவெடுத்தால் பின்னணியின் அளவு பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

செம்மண்

இது சரியான பேச்சு. சாமத்திய வீடு, கலியாண வீடு எடுக்கும்போது நான் ஒவ்வொரு முக்கியமான தருணத்தையும் இரண்டு விதமாக எடுப்பேன். தாலி கட்டும்போது கையும் கழுத்தும் முகமும் ஒன்று. மணவறையோடு, சுற்றி நின்று அறுகரிசி போடுகிறவர்களோடு இன்னொன்று. மாப்பிள்ளை பொம்பிளை முதலாவதை அல்பத்தில் பெரிதாகப் போடச் சொல்வார்கள். கொஞ்சக்காலம் போக, சுற்றி நிற்கிற ஆட்களில் ஒருவர் செத்துப்போன பிறகு, இரண்டாவதைத் தேடி வருவார்கள்.

பூநாரை

ஒரு சின்னக் குறிப்பு, ஆள் படத்துக்கு வெளியே. மழைக்குப் பிறகு நீரேரிப் பக்கம் பூநாரைகள் வரும்போது எல்லாரும் பெரிய லென்ஸைத் தேடுகிறார்கள். ஒரு பறவையைச் சட்டம் நிரம்ப எடுத்தால் அது எந்த நாட்டு மிருகக்காட்சிச்சாலையிலும் எடுத்திருக்கலாம். சட்டத்தில் முக்கால்வாசி வெறும் தண்ணீர், தூரத்தில் பனை வரிசை, நடுவில் மெல்லிய இளஞ்சிவப்புக் கோடாகப் பறவைகள் என்றால்தான் அது எங்கள் நீரேரி. அந்த வெறுமையும் ஒரு பின்னணிதான், வீணான இடம் இல்லை. கிட்டப் போகாமல் விட்டால் பறவையும் எழும்பாது.

நிலாவரை

வெளிச்சத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் பின்னணி எவ்வளவு என்பதை வெயில்தான் பல நேரம் தீர்மானிக்கிறது.

யாழ்ப்பாணம் வட அகலக்கோடு 9.7 பாகைக்குக் கிட்ட இருக்கிறது. ஆகவே ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் மத்தியானச் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேரே வரும். நல்லூர்த் திருவிழாக் காலத்தை நினைத்துப் பாருங்கள். வெயில் ஏறின பிறகு கண்குழி இரண்டும் கறுப்பு, மூக்கு நுனி வெள்ளை, பின்னால் வீதி மணல் முகத்தை விட வெளிச்சம். அதுக்கும் பின்னால் கோயில் மதிலின் சிவப்பு வெள்ளைக் கோடுகள். அந்தக் கோட்டுக்கு முன்னால் ஒருவரை நிற்கவைத்து அகலமாக எடுத்தால் கண் கோட்டை எண்ணத் தொடங்கிவிடும். காவடிக்காரரை அங்கே எடுக்கும்போது இறுக்கித்தான் எடுக்கவேண்டும், அல்லது கோடு முழுக்க மங்கும் அளவுக்கு அவர் மதிலை விட்டு முன்னுக்கு வரும்வரை நிற்கவேண்டும். காலையில் சூரியன் சரிந்திருக்கும்போது அதே இடத்தில் அகலமாக எடுக்கலாம்.

கடற்கரையில் வானம்தான் பெரிய பிரச்சினை. மண்டைதீவான், நீர் குந்தியிருந்து எடுத்தால் ஐயாவின் தலைக்குப் பின்னால் வெள்ளை வானம் வரும், முகம் இருண்டுபோகும். எழும்பி நின்று எடுத்தால் தலைக்குப் பின்னால் மணல்.

வடலி

எழும்பி நின்று எடுக்க வேண்டாம். கீழே இருந்து வேலை செய்கிற மனிதரை மேலே நின்று குனிந்து எடுக்கிற படம் எனக்குப் பிடிக்காது. அது பார்க்கிறவரையும் அவருக்கு மேலே நிறுத்திவிடுகிறது. அவருடைய கண் மட்டத்துக்கு இறங்கித்தான் ஆகவேண்டும்.

நிலாவரை

அப்படியென்றால் வள்ளத்தைப் பாவிக்கலாம். ஐயாவுக்குப் பக்கத்தில் நிற்கிற வள்ளம் என்ன நிறம்?

மண்டைதீவான்

கடும் நீலம். கீழே சிவப்புப் பட்டை. எனக்கு இடதுபக்கம் நின்றது. வெயில் அதற்கு அந்தப் பக்கம் இருந்தது, எங்கள் பக்கம் நிழல்.

நிலாவரை

நல்லது. நீர் அவருடைய மட்டத்துக்கு இறங்கி, வலதுபக்கமாகச் சுற்றிப்போனால் வள்ளத்தின் நிழல் பக்கம் அவருடைய தலைக்குப் பின்னால் வரும். வெள்ளைத் தாடிக்குக் கடும் நீலம். இருண்டதற்கு முன்னால் முகம் தானாக எழும்பி நிற்கும். வள்ளம் முடிகிற இடத்துக்கு அப்பால் சட்டத்தின் மற்றப் பாதி திறந்திருக்கும், அங்கே கரை, தாங்கி, கோபுரம் எல்லாம் நிற்கட்டும். வடலி கேட்கிற முகமும் கிடுகுவேலி கேட்கிற காலமும் ஒரே சட்டத்துக்குள் வந்துவிடும்.

செம்மண்

விரலை மறக்காதீர்.

ஓரங்களையும் பாரும். வள்ளத்தைப் பாதியில் வெட்டுவது பிழையில்லை, அது பெரிய சாமான், முடிந்த இடத்தைக் கண் ஊகித்துக்கொள்ளும். ஆனால் ஓரத்தில் அரைவாசி றெஜிபோம் பெட்டி மட்டும் எட்டிப் பார்த்தால் அந்த வெள்ளைத் துண்டு கண்ணைச் சட்டத்துக்கு வெளியே இழுத்துவிடும். முழுக்க உள்ளே, இல்லாவிட்டால் முழுக்க வெளியே. பெட்டியை நீர் தூக்கி நகர்த்த வேண்டாம், அது அவர்களுடைய வேலையிடம். நீர் நகரும்.

மண்டைதீவான்

சரி, இப்போது வழி தெரிகிறது. இந்தக் கிழமை திரும்பவும் கரைக்குப் போகிறேன். தொடருக்கு 35 மி.மீ., எஃப் 8, வள்ளத்தின் நிழல் பக்கம் பின்னால் வர, விரலும் தாங்கியும் உள்ளே. ஐயாவின் வீட்டுக்கு முகம் பெரிதாக ஒன்று, ஆனால் இந்த முறை கையும் ஊசியும் வெட்டுப்படாமல். தாங்கி சட்டத்தில் இருப்பதில் எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை, இருந்தாலும் அழிக்கமாட்டேன்.

ஒரு கேள்வி மிச்சம். ஐயாவுக்கு எட்டுக்குப் பத்து அங்குலத்தில் பிரின்ட் போட்டுச் சட்டம் அடித்துக் கொடுக்க நினைக்கிறேன். அதற்கு ஏதாவது கவனிக்க வேணுமா?

செம்மண்

கட்டாயம். உம்முடைய கமராவின் படம் மூன்றுக்கு இரண்டு. அதை வெட்டாமல் போட்டால் எட்டுக்குப் பன்னிரண்டு வரும். எட்டுக்குப் பத்து கேட்டால் நீளப்பக்கத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும், எந்தப் பக்கத்தில் வெட்டுவது என்று கடைக்காரர்தான் முடிவெடுப்பார். ஆகவே அந்தப் படத்தை எடுக்கும்போதே நீளப்பக்கத்தின் இரண்டு முனையிலும் கொஞ்சம் இடம் கூட விடும். பிறகு வீட்டில் நீரே வெட்டி, எட்டுக்குப் பத்தாகச் சரிபார்த்துக் கடைக்குக் கொடும். எட்டுக்குப் பன்னிரண்டுக்குச் சட்டம் கிடைத்தால் அதுவே திறம், ஒன்றும் வெட்டத் தேவையில்லை.